புங்கமர நிழலுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

செஞ்சி,
14-7-1965, புதன்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனன் ஜினதாஸுக்கு, உன் அக்காள் புருஷன் தர்மநாதன் சகல மங்களமும் உண்டாக ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அக்காள் மருதேவியும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் உன் வீட்டாரும் கடலூரில் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றும், உன் வக்கீல் தொழில் நன்றாக நடக்கிறது என்றும், இதுவரை நடக்காவிட்டாலும் இந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து நடக்க ஆரம்பிக்கும் என்றும் நம்புகிறேன். ஏனென்றால் நான் ஒருவருக்கு நோட்டீஸ் விட வேண்டியிருக்கிறது. அவர் வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டுப் பெரியதம்பிதான். சட்டம் முழுக்க நம் பக்கம். நீ புத்தகத்தைக்கூடப் புரட்ட வேண்டாம். நான் சொல்வதை அப்படியே இங்கிலீஷில் போட்டால் போதும்.

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்கிறேன். பொங்கல் கழித்து நான் ரிடையர் ஆனது உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் சர்வே இலாகாவில் இந்தத் தாலுக்கா முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, இது உன்னுடையது, அது அவனுடையது என்று ஊராருக்குச் சொன்னவன், இனிமேல் வெயிலில் நடக்கப் போவதில்லை என்று தீர்மானம் செய்து, விழுப்புரத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய சீமைக் காரை வாங்கினேன். நீல நிறம். டாக்டருடைய டிரைவர் அதை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுக்கும் பெரியதம்பி வீட்டுக்கும் நடுவே தெருவில் நிற்கிற புங்கமரத்தின் கீழ் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அன்று முதல் கார் அங்கேதான் இருக்கிறது. ஓடவில்லையா என்று கேட்காதே. ஓட்டவில்லை, அது வேறு விஷயம். ஓட்டிப் பழகுவதற்கு எழுதிப் போட்டு லைசென்ஸ் சீட்டுகூட வாங்கி வைத்திருக்கிறேன். இருபது வருஷம் இலாகா ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவனுக்குப் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? சமயம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். அதுவரை, காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு கார் முன்சீட்டில் உட்கார்ந்து படிப்பேன். போகிறவர் வருகிறவர் கும்பிடுவார்கள். தபால்காரர் பாண்டுரங்கன் வந்தால், "நான் கொடுத்துடறேன், நீங்க ஏன் வெயில்ல அலையறீங்க" என்று அக்கம்பக்கத்துக் கடிதங்களையும் நானே வாங்கிக்கொள்வேன். இப்படி நாலு பேருக்கு உபயோகமாக இருந்த வண்டி அது.

பெரியதம்பியை உனக்கு ஞாபகம் இருக்கும். இரட்டை மாட்டு வண்டிக்காரர். வல்லத்திலிருந்தும் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்தும் மல்லாட்டைக் கடலை மூட்டைகளைச் செஞ்சி மார்க்கெட்டுக்கு ஏற்றி வருகிறவர். இருபது வருஷமாக மத்தியானத்தில் வண்டியை அந்த மரத்தடியில் அவிழ்த்துவிட்டு மாடுகளை நிழலில் கட்டுவது அவர் வழக்கம். கார் வந்த சமயம் அவர் மூன்று நாளாக வெளியூருக்குப் பாரம் ஏற்றப் போயிருந்தார். திரும்பி வந்தவர் மாட்டை நிறுத்தி, காரை முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்துவிட்டு, "இன்னா சர்வேயரே, நம்ம எடத்துல இன்னாவோ கெடக்குது?" என்றார். கிடக்கிறதாம்! "இது தெரு, பெரியதம்பி. பொது இடம். முதலில் வந்தவர் நிறுத்தலாம்" என்று சட்டத்தை அமைதியாக எடுத்துச் சொன்னேன். "அப்பிடின்னா நான் வந்து இருவது வருஷமாவுது" என்றார். வண்டியும் மாடும் தினமும் வந்து வந்து போகின்றன. வந்து போகாமல் அங்கேயே இருப்பது என் கார் ஒன்றுதான். ஆகையால் அனுபவ பாத்தியதை காருக்குத்தான் என்று விளக்கினேன். இந்த வாதத்தை நீ அவசியம் நோட்டீஸில் சேர்க்க வேண்டும். அவர் மாட்டை வெயிலில் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுதினால் இன்லண்டு லெட்டர் பத்தாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். மறுநாள் காலையில் பேப்பரோடு போகிறேன், கார் பானெட்டின் மேல் ஒரு கட்டு வைக்கோல். வலது பக்கத்து மாடு நின்று நிதானமாகத் தின்றுகொண்டிருக்கிறது. இடது பக்கத்து மாடு கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கிறது. "கீழ போட்டா மண்ணாவுது" என்றார் பெரியதம்பி. நான் பொறுமையை விடவில்லை. வீட்டில் மிச்சமிருந்த நான்கு சர்வே கற்களைச் சுண்ணாம்பு அடித்துக் காரைச் சுற்றி நாலு மூலைக்கும் நட்டேன். சாயங்காலமே அதில் ஒரு கல்லில் மாட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டார். கட்டுவதற்கு அதைவிட வசதியான கல் இந்த ஊரில் இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். பிறகு நான் பஞ்சாயத்து ஆபீஸில் மனுக் கொடுத்தேன். அங்கிருந்து ஒரு குமாஸ்தா வந்தார், கற்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "தெரு பொதுச் சொத்து. கார், கல், வண்டி, மாடு எல்லாத்தையும் ரெண்டு பேரும் அப்புறப்படுத்துங்க. மரத்தையும் வெட்டிடலாமான்னு யோசிக்கிறோம்" என்றார். உடனே நானும் பெரியதம்பியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டோம். மரத்தில் கை வைத்தால் நடப்பதே வேறு என்று நான் சட்டத்தில் சொல்ல, அதையே அவர் வேறு வார்த்தைகளில் சொல்ல, குமாஸ்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒற்றுமை ஐந்து நிமிஷம் இருந்தது.

போன புதன்கிழமை முற்றிவிட்டது. நல்ல வெயில். கோட்டை மலைப் பாறையெல்லாம் காய்ந்து ஊர் மேல் அனலை அடிக்கிறது. ஏழு மூட்டை ஏற்றி வந்த மாடுகள் வாயில் நுரையோடு நிற்கின்றன. பெரியதம்பி என் கார் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஓடாத வண்டிக்கு எதுக்கு சாமி நெழலு? இதுங்களுக்கு உசிரு இருக்குது. இதுக்கு இருக்குதா?" என்று காரைத் தட்டிக் காட்டினார். "எறும்பு மேல கால் படாம நடக்கறவங்கன்னு உங்க ஜைன ஜனங்களப் பத்தி சொல்லுவாங்க. எறும்பு மட்டுந்தானா, மாடு கெடையாதா?" என்றார். தெருவில் எட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு வந்த கோபத்தில், இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் அதையே சொன்னார். உள்ளே போனால் உன் அக்காள் சோற்றை வைத்துக்கொண்டே, "அவரு கேட்டதுல இன்னா தப்பு? வாயில்லாத ஜீவன வெயில்ல நிக்க வெச்சுட்டு நீங்க உள்ள வந்து சாமி கும்புடறீங்க" என்கிறாள். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி. உண்மையைச் சொல்கிறேன், அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் காரை எடுக்கவில்லை. எடுத்தால் தோற்றதாக ஆகும். தவிர, எடுக்கவும் தெரியாது.

இனி எழுதப்போவதை நோட்டீஸில் சேர்க்காதே. உனக்காக எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் இருக்கும். காரில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடினேன். வெயில் மறைக்க மடக்கி வைத்திருக்கும் அட்டைக்குப் பின்னால் கையை விட்டால் ஒரு அச்சடித்த கார்டு வந்தது. பெரியதம்பியின் மகள் சாமுண்டீஸ்வரி பேருக்கு. திண்டிவனத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இண்டர்வியூ. தேதி 12-7-65, காலை பத்து மணி, சர்டிபிகேட்டுகளோடு நேரில் வரவும் என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டாம் தேதி அன்றைக்குத்தான். புதன்கிழமை சண்டைக்கு அரைமணி முன்னால் பாண்டுரங்கன் கொடுத்த கார்டு அது. அப்புறம் கொடுக்கலாம் என்று செருகினேன். பிறகு சண்டை. பிறகு வாசலை மிதிக்க மாட்டேன் என்ற சபதம். கார்டு அப்படியே இருந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நான்தான் மனுப் பூர்த்தி செய்து கொடுத்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இந்தத் தெருவிலேயே அதிக மார்க்கு. தினம் மத்தியானம் என் கார் பக்கத்தில் வந்து, "மாமா, எனக்கு எதனா வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், புதன்கிழமைக்கு அப்புறம் அவள் அப்பன் முகத்துக்குப் பயந்து வரவில்லை.

ராஜகிரிக் கோட்டை மலையை நூறு தடவை ஏறியவன் நான். அந்தக் காலையில் பெரியதம்பி வீட்டுப் படி இரண்டை ஏறுவதற்குள் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டேன். பெண்தான் வந்தாள். கார்டை நீட்டி, "புதன்கிழமையே வந்தது. என் தப்பு" என்றேன். அவள் படித்தாள். அழவில்லை, கத்தவில்லை. "மணி இன்னா மாமா இப்ப?" என்று மட்டும் கேட்டாள். எட்டு என்றேன். ஏழு மணி பஸ் போய்விட்டது, அடுத்தது ஒன்பதரைக்கு. அதில் போனால் பதினொன்று ஆகும். பின்னால் பெரியதம்பி வந்து நின்றிருந்தார். மகள் கையிலிருந்த கார்டைப் பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், அதைப் படித்துவிட்டார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கார் இருக்குது" என்றேன் நான். "இருக்குது. இருக்கறதத்தான் அஞ்சு மாசமா பாக்கறமே" என்றார். "ஓட்டுவேன்" என்றேன். "ஓடுமா?" என்றார். சாமுண்டீஸ்வரி அதற்குள் சர்டிபிகேட் கட்டை எடுத்துக்கொண்டு, தலையை வாரிக்கொண்டே போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் பேச இடமில்லை.

சாவியைத் திருப்பினேன், கார் ஒரு தும்மல் போட்டது, அவ்வளவுதான். முன்னால் கைப்பிடியைப் போட்டு என்ஜினைச் சுற்றினேன், தோள்தான் சுற்றியது. பெரியதம்பி ஒரு நிமிஷம் யோசித்து, நான் நட்ட கல்லிலிருந்து மாட்டுக் கயிற்றை அவிழ்த்து, நுகத்தடியைப் பூட்டி, வடக்கயிற்றைக் காரின் முன்னால் கட்டிவிட்டார். தெரு கடைவீதிப் பக்கம் சரிவு. "கியரப் போட்டுக்கினு உக்காருங்க, இழுத்து விடறேன்" என்று சாட்டையை எடுத்தார். "மாட்டை அடிக்கக் கூடாது" என்றேன். "அடிக்காம இழுக்கணும்னா நீங்க எறங்கி வந்து நுகத்துல நில்லுங்க" என்றார். ஆனால் அடிக்கவில்லை, வாயாலேயே ஓட்டினார். ஐந்து மாதமாக நான் நாலு கல் நட்டுக் காத்த கார், தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, மாடு இழுக்க நகர்ந்தது. உன் அக்காள் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக ஓடி வந்து, ஓடுகிற காரில் ஏறினாள். இறங்கு என்றால் இறங்கவில்லை. கடைவீதி முனைக்கு வரும்போது என்ஜின் திடீரென்று உயிர் வந்து கர்ஜித்தது, மாடுகள் மிரண்டன, பெரியதம்பி இடுப்புக் கத்தியால் கயிற்றை வெட்டிவிட்டதும் அவை பக்கத்துச் சந்துக்குள் ஓடின, அவர் "பாத்துக்கோங்கப்பா!" என்று மாட்டை ஊர் பொறுப்பில் விட்டு, என் பக்கத்தில் தாவி ஏறினார்.

பிரமாதமாக ஓட்டினேன். உன் அக்காள் வேறு விதமாகச் சொல்வாள், நம்பாதே. கியர் நாலு இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு கிடைத்தது, அது போதுமாக இருந்தது. திருப்பம் வரும்போதெல்லாம் பெரியதம்பி மாட்டுக்குச் சொல்வதுபோல "ஏய், ஏய், எடம், வலம்" என்பார், காரும் கேட்டது. வழியில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினோம். வல்லம் தாண்டியதும் எதிரே ஒரு ஆட்டு மந்தை. பிரேக்கை மிதித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தேன், நின்றுவிட்டது. ஒரு குட்டிக்கும் கீறல் இல்லை. பின்சீட்டில் சாமுண்டீஸ்வரி வாயை அசைத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது திண்டிவனத்தில் டிரெயினிங் பள்ளிக்கூட வாசலில் கொண்டு நிறுத்தினேன். என்ஜினை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கிளப்ப மாடு இல்லை. அவள் இறங்கி ஓடினாள்.

அங்கே ஒரு கூத்து. பக்கத்துக் கடைக்காரர் வந்து, "யோவ், கட வாசல்ல நிறுத்தாதய்யா, எடு எடு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியதம்பி இறங்கிவிட்டார். "இன்னாய்யா ஒன் வாசலு? இது ரோடு. பொது எடம். மொதல்ல வந்தவன் நிறுத்துவான். வண்டின்னு இருந்தா எங்கியாச்சும் நிக்கத்தான் செய்யும்" என்று என் வாதத்தை ஒரு எழுத்து மாறாமல் எடுத்துவிட்டார். நாங்கள் நின்றது அவர் கடைப் பந்தல் நிழலில், அவருடைய மூட்டை வண்டியோ வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அதன் மாடுகளைப் பார்த்ததும் என் வாயில், "பெரியதம்பி, அவர் சொல்றதும் நியாயந்தான். பாவம், அதுங்களும் நிழலுக்கு வரணும் இல்ல" என்று தானாக வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உன் அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரை நாலு அடி தள்ளி வெயிலில் நிறுத்தினேன்.

ஒரு மணிக்கு அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரியதம்பிக்குக் கேட்கப் பயம். எனக்கு அதைவிடப் பயம். "எடுத்துக்கினாங்க. ரெண்டாந் தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்க" என்றாள். பெரியதம்பி தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். "கேட்டது ரெண்டே ரெண்டுதான் மாமா" என்றாள் அவள். "எவ்ளோ தூரத்துலேந்து வரேன்னு கேட்டாங்க. செஞ்சின்னேன். பஸ்ல வந்தியான்னாங்க. இல்ல, கார்லன்னேன். ஒடனே ஒக்காரச் சொன்னாங்க." திரும்புகிற வழியில் வல்லத்துக்குக் கிட்டே பெட்ரோல் தீர்ந்துபோய், பெரியதம்பிக்குத் தெரிந்த ஒருவரிடம் மாடு வாங்கிக் கட்டி, பொழுது சாய்வதற்குள் ஊர் வந்து, நம் ஜைன வழக்கப்படி சூரியன் இருக்கும்போதே சாப்பிட்டும் விட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ மனம் இளகிவிடாதே. நான் இளகவில்லை. வந்ததும், ஊரார் பிடித்துக் கட்டி வைத்திருந்த அவர் மாட்டை வைத்தே காரை அதே புங்கமரத்தடியில் அதே நாலு கல்லுக்கு நடுவில் நிறுத்தினேன். உபகாரம் வேறு, உரிமை வேறு. நேற்றுக் காலையில் அவரும் வந்து, "நேத்து நடந்தது நேத்தோட போச்சு சர்வேயரே. எப்ப எடுக்கப் போறீங்க?" என்றார். எடுப்பதாக இல்லை என்றேன். ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும், அனுபவ பாத்தியதை முதலிய எல்லாவற்றையும் போட்டு, ஒரு வாரத்துக்குள் மாட்டையும் வண்டியையும் அப்புறப்படுத்தாவிட்டால் கோர்ட்டில் சந்திப்போம் என்று காரமாக ஒரு நோட்டீஸ் தயார் செய்து, ரிஜிஸ்தர் தபாலில் பெரியதம்பிக்கு அனுப்பவும். ஜெயம் நமக்கே.

உன் குழந்தைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல படிப்பும் உண்டாகட்டும். உன் மனைவிக்கு எங்கள் இருவரின் அன்பும் ஆசியும். உன் அக்காள் எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள். யாராவது கடலூர் வந்தால் கொடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு, உறுதி தளராத,
த. தர்மநாதன்,
சர்வேயர் (ரிடையர்டு).

பின்குறிப்பு: காரில் உட்கார்ந்து உறையை ஒட்டப் போகும்போது பெரியதம்பி வந்து கார் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் எனக்கு வக்கீல் நோட்டீஸ் விடப் போகிறாராம். எழுதிக் கொடு என்று கேட்டதற்குச் சாமுண்டீஸ்வரி முடியாது என்றுவிட்டாளாம். "உங்க கையெழுத்து மாதிரி யாருக்கு வரும்? நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். மறுக்க முடியுமா? அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் சொல்லத் தெரியாமல் விட்ட இரண்டு சட்டப் பாயிண்டுகளையும் நானே சேர்த்தேன். முடித்துவிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். ஜினதாஸ், அந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. ஆகவே மேலே நான் எழுதியதை விட்டுவிட்டு, இத்துடன் வைத்திருக்கிற அவருடைய நோட்டீஸைத் தயார் செய்து எனக்கு அனுப்பவும். ரிஜிஸ்தர் தபாலிலேயே அனுப்பு, முறையாக இருக்கட்டும். அது கையில் கிடைத்த அன்று காரை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இழுக்க மாடு அவர் தருகிறார்.